பானெட்டுக்கு அந்தப் பக்கம்

புதுச்சத்திரம் நெருங்கும்போது பின்சீட்டிலிருந்து மாமாவின் விரல்கள் என் தோளில் வந்து விழும்.

"ஓரங்கட்டு மச்சான். வண்டி தண்ணி கேக்குது."

ஓரங்கட்டுவேன். நாலு வழிச் சாலை வந்தபோது அந்தப் பாதையின் நிழலெல்லாம் வெட்டுப்பட்டுப் போனது. மிஞ்சியது ஒரு மேம்பாலத்தின் அடி. கடல் காற்று அதற்குள் நுழைந்து, சிமெண்டின் சூட்டை வாரிக்கொண்டு மறுபக்கம் போகும். மாமா மெல்ல இறங்குவார். வீங்கிய பாதத்தைச் செருப்புக்குள் திணிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும். உதவிக்குப் போனால் பிடிக்காது.

"நீ உள்ளயே உக்காரு. நான் சொல்றப்ப ரேஸ் குடு."

பழைய வண்டிகளில் அப்படித்தான். ஒருவர் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே அடைபட்ட காற்று குமிழ்விட்டு வெளியேறும். பானெட் எழும். முன்கண்ணாடி முழுவதும் வெள்ளைத் தகரம் வந்து நிற்கும். சாலை இல்லை, வானம் இல்லை. மாமா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

"ம்... குடு."

மிதிப்பேன். என்ஜின் கத்தும்.

"இன்னும் குடு."

இன்னும் மிதிப்பேன்.

"போதும். விடு."

பானெட் இறங்கும்போது காலி பாட்டிலோடு நிற்பார். நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்தபடி, "அவ்ளோவும் குடிச்சிடுச்சி பாரேன்" என்பார்.

மாமா என் அக்காவின் கணவர். கடலூரில் டாக்ஸி ஸ்டாண்டிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். அந்த வெள்ளை டீசல் கார் அவருடையதுதான். உப்புக் காற்று கதவுகளின் அடியைத் தின்றிருந்தது. என்ஜின் மட்டும் அவர் பேச்சைக் கேட்கும். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுபோன பிறகு ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. செவ்வாயும் வெள்ளியும் சிதம்பரத்தில் டயாலிசிஸ். போகும்போது வேண்டுமானால் பஸ்ஸில் போய்விடலாம். திரும்பும்போது முடியாது. மெஷினைவிட்டு எழுந்த மனிதரின் கால்களில் எலும்பு இருப்பதே தெரியாது. பின்சீட்டில் சாய்ந்தார் என்றால் கடலூர் வரும்வரை கண் திறக்கமாட்டார். அதனால் அந்தக் கார் ஓடியாக வேண்டும். கார் ஓட வேண்டும், மாமா உயிரோடு இருக்க வேண்டும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் வேறு வேண்டுதல் இல்லை.

அவருக்குத் தண்ணீர் அளவு. காலையில் அக்கா ஒரு சின்ன எவர்சில்வர் சொம்பில் பிடித்து மூடி வைப்பாள். மாத்திரை விழுங்கவும் அதுதான், விக்கினாலும் அதுதான், அன்று முழுவதற்கும் அதுதான். ரசம் இல்லை, மோர் இல்லை, கஞ்சி இல்லை. குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லாத உடம்பு அது. பலாப்பழக் காலத்தில் பண்ருட்டிப் பழங்களைச் சாலையோரம் பிளந்து வைத்திருப்பார்கள். அந்த வாசனை காருக்குள் வரும்போது மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபக்கம் பார்த்துக்கொள்வார். கேலி மட்டும் குறையவில்லை.

"நான் குடிக்க வேண்டியதெல்லாம் சேத்து இது குடிக்குது மச்சான். குடுத்து வச்ச வண்டி."

முதலில் வண்டி நிஜமாகவே ஒழுகியது. அதைச் சொல்லிவிட வேண்டும். காலையில் காரை நகர்த்தினால் மண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருக்கும். ஆலப்பாக்கம் வருவதற்குள் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். முதுநகரில் மாமாவின் பழைய மெக்கானிக் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாய். வண்டியின் அடியில் படுத்துக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் பேசுகிறவர்.

"ரேடியேட்டர் போச்சுண்ணே. மாத்தணும்" என்றார் அடியிலிருந்து.

"அத நீ போன வருஷமே சொன்ன" என்றார் மாமா, ஸ்டூலில் உட்கார்ந்தபடி. "கீழ் ஹோஸப் பாருய்யா. கிளிப்ப ஒட்டி."

அடியில் ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது.

"ஹோஸ்தாண்ணே" என்று வெளியே வந்தார் பாய். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. கிளிப்பை ஒட்டி ரப்பர் வெடித்திருந்தது. அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு வெள்ளைக் கோடு, காய்ந்த கண்ணீர்த் தடம் போல. தண்ணீர் சொட்டிய இடத்தில் சூட்டில் தண்ணீர் போய்விட்டது. அது கொண்டுவந்த உப்பு மட்டும் தங்கிவிட்டது.

"போர் தண்ணியா ஊத்துறீங்க?" பாய் என்னைப் பார்த்தார். "நம்ம பக்கம் போர் தண்ணி எல்லாம் உப்பு சார். உள்ள இரும்ப அரிச்சிடும். இனிமே குடிக்கிற தண்ணியா ஊத்துங்க."

அந்தப் பேச்சை மாமா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். புது ஹோஸ் மாட்டியபின், கிளம்பும் ஒவ்வொரு காலையும் அக்காவை அழைப்பார். "வண்டிக்கு நல்ல தண்ணி ரொப்பிக் குடு." அக்கா பெரிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கழுவி, குடிநீர்க் குழாயில் கழுத்துவரை ரொப்பி, மூடியை இறுக்கி, புடவைத் தலைப்பால் வெளியீரத்தைத் துடைத்து, பின்சீட்டில் அவர் காலடியில் வைப்பாள். சொம்பில் அளந்து ஊற்றுகிற அதே கைதான்.

புது ஹோஸுக்குப் பிறகு மண்ணில் ஈரமில்லை. முள் நடுவில் நின்றது, அங்கிருந்து அசையவில்லை. ஆனாலும் புதுச்சத்திரத்தில் விரல்கள் தோளில் விழுந்தன. ஆனாலும் பாட்டில் காலியானது. பழைய வண்டி, ஏதாவது குடிக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பதற்கு எளிதாக இருப்பதைத்தான் மனசு முதலில் எடுக்கும்.

சிதம்பரத்தில் ஊசி குத்துவதற்குமுன் எடை பார்ப்பார்கள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறிய எடை முழுவதும் தண்ணீர். அங்கே ஒரு நர்ஸம்மா இருந்தார். யாரையும் விட்டுவைக்காத வாய்.

"என்னப்பா, குளத்தையே குடிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு?"

"நான் குடிக்கலம்மா. எங்க வண்டிதான் குடிக்குது."

"அப்ப அடுத்த தடவ வண்டியக் கொண்டாந்து கட்டில்ல படுக்க வைங்க." சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது. "இவ்ளோ ஏத்திட்டு வந்தா அத்தனையும் ஒரே தடவைல எடுக்க முடியாதுங்க. பிரஷர் விழுந்துடும். மிச்சம் உள்ளயே நிக்கும். வீட்ல யாராவது பாக்கிறீங்களா, இல்லியா?"

அக்கா பார்த்தாள். பார்த்ததற்கு அளவில்லை. காய்களை வேகவைத்து வடித்தாள். உப்பைக் குறைத்தாள், பிறகு நிறுத்தினாள். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, "வாய் கொப்புளிச்சிட்டு துப்பினீங்களா?" என்று கேட்டாள். மாமா உள்ளிருந்து, "துப்பிட்டேன் தாயே, வந்து எண்ணிக்க" என்பார். அப்படியும் எடை ஏறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தட்டில் சாதம் பாதி இருக்கும்போதே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சாய்ந்தால் முடியவில்லை, படுத்தால் முடியவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நீரில் மூழ்கி எழுந்தவர்போல் வாயைத் திறந்து திறந்து மூடினார். அதே காரில்தான் கொண்டுபோனோம். எங்கும் நிறுத்தவில்லை. வெள்ளாற்றுப் பாலம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. முள் நடுவிலேயே நின்றது. அன்று ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் அந்த வண்டி சிதம்பரம் வரை பறந்தது. அதை என் கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை.

"நுரையீரல்ல தண்ணி" என்றார் டாக்டர். "எங்கேருந்து உள்ள போவுதுன்னு கண்டுபிடிங்க. இன்னொரு தடவ இப்படி வந்தா, இங்க கொண்டாந்து சேக்க நேரம் இருக்காது."

வாசலில் நின்ற அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் என்னடா தப்பு பண்றேன்?" என்றாள் என்னிடம்.

அவர் வீடு திரும்பியதும், வண்டியின் தாகத்தையாவது தீர்த்துவிடலாம் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. மனிதரின் உடம்பில் என்னால் எதையும் தேட முடியாது, இரும்பில் தேடலாம். காரைத் திரும்பவும் பாயிடம் கொண்டுபோகலாம் என்றேன்.

"எதுக்கு பாயி? லாரிக்காரன் வைத்தியம் ஒண்ணு இருக்கு" என்றார் மாமா. "மஞ்சப்பொடி. ரேடியேட்டர்ல போட்டா சின்ன ஓட்டையெல்லாம் அடைச்சிக்கும். எத்தினி வண்டிக்கிப் போட்டிருக்கேன்."

அக்கா மஞ்சள் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கொழம்புக்கு அரைச்சு வச்சத காருக்குக் கொட்டுவாங்களா?"

"உப்பில்லாத கொழம்புக்கு மஞ்சள் எதுக்குடி? குடு."

குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்து அவரே போட்டார். கிண்ணம் நிறைய. விரலால் தட்டித் தட்டி, கோலம் போடுகிற பக்குவத்தில். தண்ணீர் அடர்மஞ்சளாகத் திரண்டது. முகத்தில் அன்று ஒரு பழைய வெளிச்சம். மூடியைத் திருகிவிட்டு, "பாரு, இனிமே அடங்கிடும்" என்றார்.

அடங்கவில்லை. அடுத்து வந்த செவ்வாய்களிலும் வெள்ளிகளிலும் விரல்கள் விழுந்தன, பானெட் எழுந்தது, பாட்டில் காலியானது. நான் அவரிடம் சொல்லாமல் காரைப் பாயிடம் கொண்டுபோய் விட்டேன்.

பாய் அன்று கதை பேசவில்லை. ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால்போல் வெளுத்திருக்கும், வெளுக்கவில்லை. ஸ்டார்ட் செய்து பின்னால் போய்ப் புகையை முகர்ந்தார். வெள்ளைப் புகை இல்லை. ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பிழிந்தார். வாட்டர் பம்புக்கு அடியில் விரலைவிட்டுத் தடவி, விரலை என்னிடம் நீட்டினார். கறுப்பு மட்டும்தான்.

"மஞ்சள் போட்டதா சொன்னீங்க இல்ல? எங்க சொட்டினாலும் மஞ்சக் கறை இருக்கணும் சார். சட்டைல பட்டாலே போகாத சாமான். எங்கியும் இல்லியே."

பிறகு என்ஜினை ஆறவிட்டு, துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். எட்டிப் பார்த்தோம். விளிம்புவரை தண்ணீர். மாமா போட்ட அன்று இருந்த அதே அடர்மஞ்சள்.

பாய் தலையைச் சொறிந்தார். "எவ்ளோ ஊத்தினீங்க இது வரைக்கும்?"

"ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டில்."

"அவ்ளோ நல்ல தண்ணி ஊத்தியிருந்தா இந்நேரம் மஞ்சள் வெளுத்திருக்குமே சார். இது போட்டது போட்ட மாதிரி இருக்கு."

அவர் அதற்குமேல் யோசிக்கவில்லை. அவருக்குத் தேவையும் இல்லை. ரேடியேட்டரை முழுசாகக் கழுவிவிட்டு, பச்சை நிறக் கூலன்ட் ஊற்றித் தருகிறேன் என்றார். துரு பிடிக்காது, ஜாஸ்தி நாள் உழைக்கும் என்றார். கழுவினார். மஞ்சள் வெள்ளம் பட்டறை வாசலைத் தாண்டிச் சாக்கடைக்குப் போனது. பச்சையை ஊற்றி முடித்ததும், டப்பாவில் மிஞ்சியதைப் பார்த்தார். பின்சீட்டில் கிடந்த அக்காவின் பாட்டிலை எடுத்தார்.

"மிச்சத்த இதுல தண்ணியோட கலந்து வச்சிடுறேன். வழியில கொறஞ்சா இதையே ஊத்துங்க. பாக்க சர்பத் மாதிரி இருக்கும், இனிக்குமாம் வேற. நாய் நக்கினா செத்துடும். கொஞ்சம் பாத்து..."

என் கை பாட்டிலைப் பறித்துவிட்டது. அவ்வளவு வேகமாக அது எப்போது நீண்டது என்று எனக்கே தெரியாது. பாய் ஒரு எட்டுப் பின்னால் போனார்.

"என்னா சார்?"

"இதுல வேணாம் பாய்" என்றேன். "இதுல வேணாம்."

பாட்டிலைப் பிடித்தபடி பட்டறை வாசலில் நின்றேன். எனக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. புது ஹோஸ் மாட்டியபின் திரும்பும் பாதையில் வண்டிக்கு ஒருநாளும் தாகம் எடுத்ததில்லை. மூச்சு வாங்கிய அந்த ஞாயிறும் எடுக்கவில்லை. மஞ்சள் வெளுக்கவில்லை. என்னை ஏன் உள்ளே உட்காரச் சொன்னார், ஏன் "இன்னும் குடு, இன்னும் குடு" என்றார் என்று யோசித்தபோது, என்ஜினின் கத்தலுக்கு அடியில் ஒரு மிடறு சத்தம் இருந்திருக்கும் என்று தோன்றியது. அது கேட்டுவிடாமல் இருக்க நான்தான் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கோபம் வந்தது. துறைமுகப் பக்கம் காரை ஓட்டிப்போய் நிறுத்தி, கோபத்தோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே அவ்வளவு தண்ணீர், படகுகளை ஆட்டிக்கொண்டு. கொதிக்கும் தகரத்துக்குப் பின்னால், சாலைக்கும் எனக்கும் முகத்தை மறைத்துக்கொண்டு, பாட்டிலைத் தலைக்குமேல் சாய்க்கும் ஒரு மனிதரை நினைத்தேன். அதற்குப் பிறகு கோபம் நிற்கவில்லை. டாக்டர் சொன்னது மட்டும் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா பாட்டிலோடு வந்தாள்.

"வேணாங்க்கா. வண்டி சரியாயிடுச்சி. பாய் பச்சக் கலர் கூலன்ட் ஊத்திட்டார். இனிமே ஊத்தவே வேணாமாம்."

மாமா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. மாட்டிய செருப்பைக் கழற்றி, திரும்பவும் மாட்டினார்.

ஆலப்பாக்கம் போனது. புதுச்சத்திரம் வந்தது. தோளில் விரல்கள் விழவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார், உதட்டை நாக்கால் தடவியபடி. நானே ஓரங்கட்டினேன்.

"எதுக்கு நிறுத்துற?"

"தண்ணி பாத்துடுவோம் மாமா."

நான் இறங்கிப் போய்ப் பானெட்டைத் தூக்கினேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார். முதல் தடவையாக இருவரும் அந்தப் பக்கம். என்ஜினின் அனல் முகத்தில் அடித்தது. ரேடியேட்டரை ஒட்டிய சின்னத் தொட்டியில் பச்சைக் கூலன்ட் கோட்டுக்கு நேராக நின்றது. லாரிகள் பாலத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் போகும்போது பாலம் எங்கள் தலைக்குமேல் அதிர்ந்தது.

"எப்பத் தெரிஞ்சுது?" என்றார்.

"மஞ்சள் வெளுக்கல மாமா."

கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தார். பிறகு தோள்கள் குலுங்கச் சிரித்தார். "அட எழவே. நானே போட்டு நானே மாட்டிக்கிட்டேன்." சிரிப்பு மூச்சிரைப்பில் முடிந்தது. பம்பரைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல வாய் கொப்புளிக்கத்தான் ஊத்தினேன் மச்சான். சத்தியமா. துப்பப் போனேன்... துப்ப முடியல."

நான் பானெட்டின் கம்பியைச் சரியாக மாட்டினேன்.

"போற வழியில குடிச்சா, அங்க போனதும் உறிஞ்சிடுவாங்கல்ல. அந்தக் கணக்குதான்."

"அவ்ளோவும் உறிஞ்ச முடியாதாம் மாமா. மிச்சம் வீட்டுக்கு வருது."

"தெரியும்" என்றார். ஒரு லாரி போய் முடிந்த பிறகு, "தெரியும்டா" என்றார் இன்னொரு தடவை. அதுவரை அவர் என்னை டா போட்டதில்லை.

"ஒங்கக்காகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத." என் மணிக்கட்டைப் பிடித்தார். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த கை, உள்ளே ரத்தக்குழாய் மெஷின்போல் அதிர்ந்துகொண்டிருந்தது. "அந்தப் பாட்டில ரொப்பினது அவ கை. அவளுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

"சொல்லல. ஆனா பாட்டில் இனிமே வராது."

"ம்."

"தாகம் எடுத்தா தட்டுங்க. நிறுத்துறேன்."

"நிறுத்தி?"

"நிப்போம்."

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. நான் சட்டைப் பையிலிருந்து சின்ன பிளாஸ்கை எடுத்தேன். முந்தின நாள் அவர் சொம்பிலிருந்தே கொஞ்சம் எடுத்து உறைய வைத்திருந்தேன். உள்ளே ஐஸ் துண்டுகள். ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு அது மெல்ல நகர்ந்தது. கரைகிற வரைக்கும் நான் பானெட்டை இறக்கவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் எடை கொஞ்சம் இறங்கியது. முழுசாக இல்லை. நர்ஸம்மா, "வண்டி திருந்திடுச்சா?" என்றார். வீட்டில் அக்காவுக்கு ஒரே பெருமை. "காய நல்லா வடிச்சித் தர்றேன்ல, அதான்" என்று எல்லோரிடமும் சொல்கிறாள். நாங்கள் இருவரும் தலையாட்டுகிறோம். சில நாள் சாலையோர டீக்கடையின் தண்ணீர் டிரம்மைக் கடக்கும்போது மாமாவின் கழுத்து அந்தப் பக்கம் திரும்புவதைக் கண்ணாடியில் பார்க்கிறேன். அந்த டிரம் பின்னால் போய்ச் சிறிதாகி மறையும் வரைக்கும் பார்ப்பார். ஒரு தடவை, நான் டீசல் போட இறங்கிய நேரத்தில், பங்க் குழாயடியில் கையேந்தி நின்றார். என்னைக் கண்டதும் அந்தத் தண்ணீரால் முகத்தைக் கழுவிக்கொண்டார். முகம் கழுவத்தான் போனேன் என்றார். இருக்கலாம்.

வண்டி இப்போது ஒழுகுவதில்லை. ஆனாலும் புதுச்சத்திரம் நெருங்கும்போது பின்சீட்டிலிருந்து விரல்கள் வந்து தோளில் விழுகின்றன.

"ஓரங்கட்டு மச்சான். வண்டி தண்ணி கேக்குது."

ஓரங்கட்டுகிறேன். என்ஜினை அணைத்துவிட்டு நானும் இறங்குகிறேன். பானெட்டைத் தூக்கி வைத்து, எதுவும் தேவைப்படாத அந்த இரும்பைப் பார்த்தபடி இருவரும் நிற்கிறோம். பிளாஸ்க் திறக்கிறது. அவர் வாயில் ஐஸ் பல்லில் பட்டு ஒரு சின்னச் சத்தம் கேட்கிறது. பிறகு அதுவும் இல்லை.

"போலாமா மாமா?"

கையைக் காட்டுகிறார். இன்னும் கரையவில்லை.